தாடையில் வந்த வலி

என் அக்காவுக்குப் பல் வைத்தியம் பார்ப்பதற்கு நான் வேறு தொழிலுக்கே போயிருக்கலாம். அவள் கணக்கு டீச்சர். தான் சொன்னதுதான் விடை என்று சாதிப்பவள். போன மாதம் இடது கீழ்த்தாடை வலிக்கிறது என்று வந்து நின்றாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. சொன்னால் கேட்டால்தானே? மணிக்கொரு தடவை போன் போட்டு உயிரை வாங்கினாள். அந்தப் பக்கம் எப்போதோ அடைத்த கடைவாய்ப்பல் ஒன்று இருந்தது. நச்சரிப்புத் தாங்காமல் அதைப் பிடுங்கிவிட்டேன்.

இன்று சாயங்காலம், விடைத்தாள் கட்டோடு மறுபடியும் வந்து கிளினிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். வலி அப்படியே இருக்கிறதாம், பக்கத்துப் பல்லையும் எடுக்க வேண்டுமாம். நான் என்ன பல் அறுவடையா செய்கிறேன்? எரிச்சலோடுதான் எப்போது வலிக்கிறது என்று விசாரித்தேன். பள்ளியில் மூன்றாவது மாடிக்கு ஏறும்போது வருமாம். உட்கார்ந்து அட்டெண்டன்ஸ் எடுப்பதற்குள் போய்விடுமாம். கடித்தாலோ ஐஸ் தண்ணீர் குடித்தாலோ ஒன்றும் இல்லையாம்.

பல்லுக்கு மாடிப்படி தெரியாது. இதயத்துக்கு ரத்தம் போதாதபோது வலி தாடையிலும் வரும் என்று படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான்.

இதய டாக்டரிடம் உடனே போகலாம் என்றேன். நெஞ்சே வலிக்கவில்லை, அங்கே எதற்கு என்றாள். எல்லோருக்கும் நெஞ்சைப் பிசைந்துகொண்டு வராது, சிலருக்குத் தோளில் வரும், முதுகில் வரும், உன்னைப் போன்ற பெண்களுக்கு வெறும் குமட்டலாகவும் மூச்சிரைப்பாகவும்கூட வரும் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். உட்கார்ந்தால் போகிற வலிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்டாள். சும்மா இருக்கும்போதே வர ஆரம்பித்தால் நிலைமை கைமீறுகிறது என்று அர்த்தம், அதுவரை காத்திருக்கப் போகிறாயா என்றேன். விடைத்தாள் திருத்தி முடித்துவிட்டு அடுத்த வாரம் பார்க்கலாமாம். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நான் இன்னும் கத்தினேன். அவள் பதில் பேசவில்லை. அக்கா பதில் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. முகமெல்லாம் வியர்த்திருந்தது. கை தாடைக்குப் போயிருந்தது.

"இப்ப வலிக்குதாக்கா?"

"அரை மணி நேரமா உக்காந்துதானடா இருக்கேன்," என்றாள். குரலே எழும்பவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அவர்கள் சொன்னபடி ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கக் கொடுத்தேன். பல் இருக்கிற பக்கமாக ஒதுக்கி மென்றாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"எப்ப வலிக்குதுன்னு நீ போன மாசம் கேக்கவே இல்லையேடா."

"கேக்கலக்கா," என்றேன்.