சமையல் ஷிப்ட்

இரண்டு மாதமாக கேஸ் சிலிண்டர் கண்ணில் படவில்லை. பிளாக்கில் இருந்த ஆறு வீடுகளும் கரண்ட் அடுப்புக்கு மாறின. ஊர் உலகத்துக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் நெய்வேலியில் அதற்கா பஞ்சம் என்று நினைத்தார்கள். காலை ஏழு மணிக்கு ஆறு அடுப்பையும் ஒன்றாகப் போட்டதும் பியூஸ் போயிற்று. சுரங்கத்துக்காரர்களுக்கு வேறென்ன தெரியும்? சமையலுக்கும் ஷிப்ட் போட்டுவிட்டார்கள். மாடிவீட்டு ஃபோர்மேன் கோபாலகிருஷ்ணன் பட்டியல் எழுதி மீட்டர் பெட்டிமேல் ஒட்டினார். வீட்டுக்கு ஒரு பெயர், ஆறும் பெண்கள் பெயர். யார் சமைப்பது என்பதைக் கேட்டு எழுத வேண்டும் என்றுகூட அந்த மனிதருக்குத் தோன்றவில்லை.

உமாராணிக்கு மாலை நாலிலிருந்து ஐந்தரை. அவளுக்கோ மைன்ஸில் சர்வே வேலை, பஸ் இறங்கவே ஐந்தரை ஆகிவிடும். கணவன் ராஜ்மோகன் முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கே வீட்டில் இருப்பான். ஆகவே அவன் சமைத்தான். தோசையை ஒவ்வொன்றாகச் சுட நேரமில்லை என்று கூட்டாஞ்சோறு, பலாக்கொட்டைக் குழம்பு என ஒரே சட்டியில் முடிக்கக் கற்றுக்கொண்டான். சும்மா சொல்லக்கூடாது, உமாராணி வைப்பதைவிட ருசி. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டுதான் சமைப்பான்.

"வெளியில தெரிஞ்சா கேலி பண்ணியே கொன்னுடுவாங்க. யார்கிட்டயும் சொல்லாத" என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அவளும் சொல்லவில்லை. நாலு பேரிடம் அவனைப் பற்றிப் பீற்றிக்கொள்ள முடியவில்லையே என்பதுதான் அவள் வருத்தம்.

ஒருநாள் அவள் ஹெல்மெட்டும் கையுமாக வந்தபோது மறுபடி பியூஸ் போயிருந்தது. எல்லோரும் மாடிப்படியடியில் கூடியிருந்தார்கள்.

"உங்க டயத்துலதான் போச்சு" என்றார் கோபாலகிருஷ்ணன். "அவசரத்துல எல்லாத்தையும் போட்டுட்டீங்க. வேலைக்குப் போறவங்களுக்குச் சாயங்காலம் சரிப்படாது. விடிகாலை நாலு மணி எங்க வீட்டு டைம். அதை நீங்க எடுத்துக்கங்க, உங்களதை நாங்க எடுத்துக்கறோம்."

இப்போதுதான் பஸ் இறங்கி வருகிறவள் எப்படி அடுப்பைப் போட்டாள் என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! விடிகாலை நாலுக்கு ராஜ்மோகன் மைன்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். அவள்தான் எழுந்து சமைத்துவிட்டு, பகலெல்லாம் வெயிலில் நிற்க வேண்டும். எத்தனை நாள் தாங்கும்? கடைசியில் வேலையைத்தான் விட வேண்டிவரும். ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். கொடுத்த வாக்கு அவள் வாயைக் கட்டியது.

அவள் வீட்டுக் கதவு திறந்தது. ராஜ்மோகன் லுங்கியும் கரண்டியுமாக வந்து நின்றான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அண்ணே, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் போட்டேன். குழம்பு கொதிக்கறப்பவே, வந்ததும் அவ குளிக்கட்டும்னு ஹீட்டரையும் போட்டுட்டேன். தினமும் நான்தான் சமைக்கிறேன்."

"நீயா?" கோபாலகிருஷ்ணன் சிரித்துவிட்டார்.

"ஏன், மலையாட்டம் இருக்கற மெஷினை ஓட்டுறவன் ஒரு குழம்பு வைக்க மாட்டேனா? பட்டியல்ல என் பேரை எழுதுங்க. தப்பும் என்னுது, குழம்பும் என்னுது."

உமாராணிக்குப் பெருமை தாங்கவில்லை. "அவர் பலாக்கொட்டைக் குழம்பு வச்சா என் கைப்பக்குவமெல்லாம் பக்கத்துலயே நிக்க முடியாதுண்ணே!" இத்தனை நாள் அடக்கி வைத்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

கோபாலகிருஷ்ணனின் மனைவி தனபாக்கியம் முன்னால் வந்தாள். கணவரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"அவங்க டைம் அவங்களுக்கே இருக்கட்டும். நம்ம நாலு மணியும் அப்படியே இருக்கட்டும். பேரை மட்டும் உங்க பேரா மாத்துங்க. நானும் கொஞ்சம் விடியற வரைக்கும் தூங்கிப் பாக்கறேன்."