சேமக்காலையில் ஒரு விடியல்

வாள்வெட்டில் செத்த மகன் டிலக்சனைப் பெட்டியில் வைத்தபோது, றெஜினா அவனுடைய தங்கச் சங்கிலியைக் கழுத்திலேயே விட்டாள். அவளுடைய தகப்பனின் காலத்தில் இறந்தவரின் கையில் ஒரு செபமாலை மட்டும்தான் இருக்கும். இப்போது ஃபோன், சென்ட், புதுச் சப்பாத்து எல்லாம் பெட்டிக்குள் போயின.

"கழட்டுவம் அம்மா," என்றாள் மகள் கீர்த்திகா. பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிப்பவள். "எகிப்திலை அரசன்மாரோடை தங்கத்தைப் புதைச்சவை. கள்ளர் கல்லறையை உடைச்சுப் பிணத்தையே பிய்ச்சவங்கள். பிறகு அந்தச் சனமே சாமான் வைக்கிறதைக் குறைச்சிட்டுது."

"என்ரை பிள்ளை வெறுங்கழுத்தோடை போகமாட்டான்."

மறுநாள் விடியற்காலை மெழுகுதிரி கொளுத்தக் கணவன் சூசைதாசனோடு, மகனைப் புதைத்த சேமக்காலைக்குப் போனாள். அவர் வாசலில் சைக்கிளை நிறுத்துவதற்குள் அவள் உள்ளே நடந்துவிட்டாள். புதைகுழியும் பெட்டியும் திறந்து கிடந்தன. உள்ளே அருளப்பு. முதல்நாள் பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் ஒருவன். கொளுக்கி கழலவில்லை என்று சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இழுவைக்கும் மகனின் தலை எழுந்து விழுந்தது. கழுத்துத் தையல் பிரிந்திருந்தது.

மண்மேட்டில் அவனுடைய மண்வெட்டி கிடந்தது. அவள் எடுத்தாள்.

"அக்கா, வேண்டாம்! தந்திடுறன்!"

முதல் வெட்டு அவனுடைய கையில் விழுந்தது. விரல்கள் தெறித்தன. அடுத்தது தோளில். அவன் பிணத்தின்மேல் குப்புற விழுந்தான். அவள் மண்ணை வாரி அவன்மேல் தள்ளத் தொடங்கினாள். அவன் அலறிய வாய்க்குள் மண் போனது.

சூசைதாசன் ஓடிவந்து பிடித்தார். மண்வெட்டிப் பிடியால் அவரையும் அடித்தாள். உதடு கிழிந்தது. அவர் குழிக்குள் குதித்தார்.

"தள்ளி நில்லுங்கோ! உவனை விடமாட்டன்!"

"உவனையும் எங்கடை பிள்ளையோடையே வைச்சு மூடப்போறியோ? காலம் முழுக்க இதுக்குள்ளை உவனும் கிடக்கவோ?"

அவளுடைய கை நின்றது. மண்வெட்டி கீழே விழுந்தது. பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அருளப்பை உயிரோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொலிஸ் வந்தபோது றெஜினா மறுக்கவில்லை.

"ஓம், நான்தான் வெட்டினனான். பிள்ளையை மூடிப்போட்டு வாறன்."

விட்டார்கள். மகனின் முகத்து மண்ணைச் சேலைத்தலைப்பால் துடைத்தாள். செய்தி கேட்டு ஓடிவந்த கீர்த்திகா அறுந்த சங்கிலியை நீட்டினாள். றெஜினா திரும்பிப் பார்க்கவில்லை. பொலிஸ்காரர் அதை வழக்குக்கென்று எடுத்துக்கொண்டார்.

வாசலில் அருளப்பின் மனைவி தலைவிரிகோலமாக நின்றாள். அவள் எறிந்த கல் றெஜினாவை ஏற்றிய பொலிஸ் ஜீப்பின் கண்ணாடியை நொறுக்கியது. றெஜினா குனியவில்லை.