பெக்தென் முடிக்காத கதை

மம்பெட்குலின் வலது தொடையில் மருத்துவர் சினாரா நீல மையால் ஓர் அம்புக்குறி வரைந்துவிட்டுப் போனார். மறுநாள் காலை தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவார்கள். அரசுச் செலவில் கிடைக்கும் இந்தச் சிகிச்சைக்காக மம்பெட்குல் பல குளிர்காலங்கள் காத்திருந்தார்.

அவருடைய அண்ணன் இமானாலி அன்று விடியற்காலையில் நாரின் மலையூரில் இறந்துவிட்டிருந்தார். செய்தி மம்பெட்குலின் மனைவி அனார்குலுக்கு மட்டும் வந்திருந்தது. ஊரிலிருந்து வந்து சேர்ந்த சம்பந்தி பெக்தெனை அவள் மருத்துவமனை அறைக்கு வெளியிலேயே மறித்துக்கொண்டாள்.

"சொல்லிடாதீங்க சம்பந்தி. தெரிஞ்சா எந்திரிச்சுப் போயிருவாரு. இந்த முறை போச்சுன்னா தவழ்ந்துதான் திரியணும். சிரிக்கிற மாதிரி ஏதாவது பேசுங்க."

"அத எங்கிட்ட விடுங்க" என்றார் பெக்தென்.

உள்ளே மம்பெட்குல் சலித்துக்கொண்டிருந்தார். "குதிரை ஏறக் கூடாதாம், சம்மணம் போடக் கூடாதாம். இனி நாற்காலிதான் எனக்குப் பொண்டாட்டி."

"கழட்டுற எலும்பக் கேட்டு வாங்கிக்கங்க. என் நாய்க்கு ஆகும்."

"உங்க வீட்டு நாயா? உங்க சமையலத் தின்னுட்டு அதுக்குப் பல்லு ஏது?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு பேச்சு வற்றியது. பெக்தென் ஜன்னலைப் பார்த்தார், தொப்பியைத் திருகினார். நெஞ்சில் கிடந்த பாரம் அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் வாய்க்கு வந்தது.

"ஒரு ஏரியில ரெண்டு அன்னம் இருந்துச்சு..."

மம்பெட்குலின் முகம் மாறியது. சாவை அந்த மலையூர்க்காரர்கள் பெயர் சொல்லி அறிவிப்பதில்லை. பறவையாக, மரமாக, கதையாக்கியே கொண்டுவருவார்கள்.

"நிறுத்துங்க சம்பந்தி. எந்த அன்னம் போச்சு?"

பெக்தென் தலை குனிந்தார். "மூத்தது."



"எப்ப எடுக்கிறாங்க?"

"நாளைக்கு மத்தியானம்."

மம்பெட்குல் கதவருகே நின்ற மனைவியைப் பார்த்தார். "எங்கிட்டயே மறைச்சியா?"

"மறைச்சேன். எவ்வளவு வேணா திட்டுங்க, ஆனா எந்திரிக்காதீங்க."

அவர் திட்டவில்லை. எழுந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு உடைமாற்றத் தொடங்கினார். சினாரா ஓடி வந்தார்.

"ஐயா, நீங்க போனா இந்த இடம் அடுத்தவருக்குப் போயிரும். மறுபடி எப்போன்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும் மகளே. வாசல்ல நின்னு அழ அண்ணனுக்கு வேற தம்பி இல்ல."

சினாரா வலி மாத்திரைகளை அவர் கோட்டுப் பையில் வைத்து, மேல்பொத்தானையும் போட்டுவிட்டார்.

மறுநாள் இறந்தவரின் கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் இடுப்பில் கச்சை கட்டி, கோலூன்றி வரிசையாக நின்றார்கள். முதலில் நின்றவர் மம்பெட்குல். ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் குரலெடுத்து அழ வேண்டும். யாரோ முக்காலி கொண்டுவந்தார்கள். அவர் அதைக் கோலால் தள்ளிவிட்டார். நிழல் நகரும் முன்பே கால் தளர்ந்தது. பெக்தென் அவர் அக்குளுக்குள் தோளைக் கொடுத்தார்.

உள்ளே பெண்களோடு வழக்கப்படி கூடாரச் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்த அனார்குல் வெளியிலிருந்து வந்த குரல்களில் அவர் குரலைப் பிரித்துக் கேட்டாள். "அண்ணா" என்று எழும்பிய குரல் பாதியில் இறுகி நின்றது. பிறகு மறுபடி எழுந்தது. அந்த இறுக்கம் எதனால் என்று அவளுக்குத் தெரியும். பெண்கள் எழுந்து வெளியே போகும் வழக்கமில்லை. அவள் நெற்றியைக் கூடாரத் துணியில் அழுத்திக்கொண்டாள்.