கருமருதுத் தரை

ஒன்பது வருஷம் சிமெண்ட் தரையில் நின்று வேலை பார்த்தவள் நான். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு ஒயர் கட்டித் தருகிற கம்பெனி. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் முழங்கால் ஒரு பக்கம் வலிக்கும், குதிகால் ஒரு பக்கம் வலிக்கும். 2005இல் வந்த புது மேனேஜர் ஒவ்வொரு மேஜைக்கு முன்னாலும் நிற்பதற்கு ஒரு மரப்பலகை மேடை போட்டுக் கொடுத்தார். ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது.

அப்போதுதான் மத்திகிரி பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். ஹாலுக்கும் அதை ஒட்டிய சமையல் இடத்துக்கும் மரத்தரை போடலாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"சமைக்கிற இடத்துல மரமா? தண்ணி புழங்குமே, ஜெயமணி."

"நான் நிக்கிறது அங்கதானங்க."

கழுவுகிற தொட்டி ஓரம் மட்டும் டைல்ஸ், மற்றதெல்லாம் மரம் என்று முடிவானது.

என் வீட்டுக்காரர் ரத்தினவேல் டூல்ரூமில் ஃபிட்டர். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் வேலையைத் திருப்பி அனுப்புகிற ஆள். ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் பிறகு அது அவருடைய காரியம். பெங்களூருக்கு என்னைக் கூட்டிப்போய்க் கடை கடையாக ஏறி இறங்கினார். அங்கே பளபளவென்று காட்டியதெல்லாம் மரத்தூள் பலகைமேல் மரத்தின் படத்தை ஒட்டியது. ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது காகிதம்" என்று எழுந்துவிட்டார்.

சூளகிரியில் முனிசாமி என்ற ஆசாரி நல்ல வேலைக்காரர் என்று மேஸ்திரி சொன்னார். முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், மரவாடிக்காரரிடம் கன்னடம். அவர்தான் எங்களைக் கிருஷ்ணகிரி மரவாடிக்குக் கூட்டிப்போனார். தேக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வேங்கை எனக்குப் பிடித்திருந்தது. ஈரம் பட்டால் சாயம் விடும் என்று முனிசாமி தலையாட்டினார். கடைசியில் கருமருது. சாக்லேட் நிறத்தில் கறுப்பு வரி ஓடும். ஒரு துண்டைத் தூக்கினால் கை தாழ்ந்தது.

"நல்ல கெட்டி மரங்க்கா. ஆனா மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அதுக்குத் தகுந்தாப்புல போடணும்."

அறுத்த பலகைகளை இடையிடையே குச்சி வைத்து அடுக்கி மூன்று மாதம் காய வைத்தோம். 2006 மே மாதம், வெயில் கொளுத்துகிற நேரத்தில், வேலை தொடங்கியது. சிமெண்ட் தளத்தின்மேல் தார்ஷீட், அதன்மேல் ரீப்பர் கட்டை, அதன்மேல் பலகை. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் காடி. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்.

சுவரோரம் வந்தபோது முனிசாமி ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டார். என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.

"என்னப்பா இது, சந்து விட்டிருக்க?"

"மரம் நகர இடம் வேணுங்க சார். ஓரப்பட்டை அடிச்சா வெளிய தெரியாதுங்க."

"காய வச்ச மரம் எங்கப்பா நகரும்? மறைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். சுவத்துல முட்டி நிக்கணும்."

முனிசாமி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை, "உங்க வீடு சார்" என்று சொல்லிவிட்டு, கேட்டபடியே முட்டப் போட்டுக் கொடுத்தார். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டை எடுத்து, இரண்டு பலகைக்கு நடுவே நுழையவில்லை என்று காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அக்டோபரில் பதினைந்து நாள் விடாத மழை. ஒரு காலையில் என் மகள் தர்ஷினி ஸ்கூலுக்குக் கிளம்பி வாசல் கதவை இழுத்தாள், திறக்கவில்லை. ஹாலின் நடுவே தரை எழும்பி, முதுகு வளைத்த பூனை மாதிரி நின்றது. கதவோரத்துப் பலகையும் தூக்கிக்கொண்டு கதவைப் பிடித்திருந்தது.

என் வீட்டுக்காரர் முனிசாமிக்கு போன் போட்டார். பச்சை மரத்தைத் தலையில் கட்டிவிட்டாய், ஏமாற்றுக்காரன், இன்னும் என்னென்னவோ. அதற்குப் பிறகு முனிசாமி போன் எடுக்கவில்லை. இவர் மேட்டின்மேல் அரிசி மூட்டையை வைத்தார், மேலே கேஸ் சிலிண்டரையும் வைத்தார். அங்கே அமுங்கியது. மறுநாள் ஜன்னலோரம் எழும்பியது. அதன்மேல் வைக்கத் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"சுவத்தோரம் இடம் கேட்டாரே, குடுத்தீங்களா?"

மெஷினைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு வார லீவான வியாழக்கிழமை நானே சூளகிரிக்கு பஸ் ஏறினேன். முனிசாமியின் மனைவி மாதம்மாள் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். முனிசாமி நிலைப்படி ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"சார் வரலீங்களா?"

"அவர் வரமாட்டார். அவர் பேசினது தப்புதான். ஆனா அந்தத் தரையைக் கேட்டது நான். உங்களை விட்டா அதை யார்கிட்ட காட்டுவேன்?"

இழைப்புளியைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கிழமை வரேங்க்கா. அவர் வீட்டுல இருக்கட்டும். பலகை பிடிக்க இன்னொரு ஆள் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் ஒரு வார்த்தை பழையதைப் பேசவில்லை. சுவரோரம் நூல் பிடித்துக் கோடு போட்டு, கட்டர் மெஷினால் ஒரு விரல் அகலத்தை நாலு பக்கமும் அறுத்து எடுத்தார். கடைசிப் பக்கம் விடுபட்டபோது ஹால் முழுக்கப் படபடவென்று சத்தம். மேடு எங்கள் கண் முன்னாலேயே பாதி இறங்கியது. என் வீட்டுக்காரர் ஒரு பலகையின் நுனியைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இரும்புக் கணக்கை மரத்துல போட்டுட்டேன்" என்றார். பலகையைக் கீழே வைத்துவிட்டு, "போன்ல அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா."

"நீங்க ஆரம்பிச்சதும் போனைத் தள்ளி வச்சிட்டேங்க சார். பாதிதான் காதுல விழுந்துச்சு."

தர்ஷினிதான் முதலில் சிரித்தாள்.

தரை முழுசாகப் படிய தை மாதம் ஆயிற்று. பிளந்துபோன நாலு பலகைகளை மாற்றினோம். அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் கழிந்த வாரம், சாமானெல்லாம் வெளியே போட்டு ஆளிவிதை எண்ணெய் தேய்க்கிறோம். நானும் இவரும் முட்டி போட்டு இரண்டு மூலையிலிருந்து தொடங்கினால் நடுவில் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். வாளித் தண்ணீர் உள்ளே வரக் கூடாது, பிழிந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும். ஊரிலிருந்து வருகிற என் மாமியாருக்கு மட்டும் இன்றுவரை இது துடைத்த மாதிரியே தெரியாது.

2009இல் மாடியில் ஒரு அறை கட்டினோம். "அதுக்கும் கருமருதுதான், இந்தத் தடவை நானே பக்கத்துல இருந்து இடம் விட்டுப் போடச் சொல்றேன்" என்று இவர் மரவாடிக்குக் கிளம்பினார்.

"டைல்ஸ் போடுங்க" என்றேன். "எண்ணெய் தேய்க்க ஒரு தரை போதும்."