பால்வழி உறவு

விண்ணை முட்டி ஓங்கிய மேற்குமலைத்தொடர் தன் நெடுந்தோள்களை வளைத்துப் போடிநாயக்கனூரை அணைத்துக் கிடக்கும் எழிலை ஐப்பசித் திங்களின் வைகறைப் பொழுதில் ஒருமுறை கண்டவர் எளிதில் மறவார். முகில்கள் முகட்டினின்று சரிந்து, ஏலச்செடிகளின் நீண்ட இலைகளை நனைத்து, பலாவும் அகிலும் நிழல்செய்யும் சரிவுகளில் தேங்கி நிற்கும்; அடிவாரத்து மாந்தோப்புகளில் மயில்கள் அகவும்; கொட்டகுடியாறு புதுவெள்ளத்தின் செந்நிறம் பூண்டு, பாறைக்குப் பாறை தாவி ஊரை நோக்கி ஓடிவரும். அவ்வேளையிலேயே சிலமலை ஊரிலிருந்தும் போடியின் தெருக்களிலிருந்தும் ஏலக்காய் கொய்யும் மகளிர், தலையில் துணி சுற்றி, மடியில் சோற்றுத்தூக்கு வைத்து, ஊர்திகளில் ஒருவரையொருவர் நெருக்கியமர்ந்து, வளைந்து வளைந்தேறும் மலைச்சாலை வழியே மாநில எல்லைக்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்குச் செல்வர்.

அச்சாலை மலையைத் தொடும் இடத்தில் முந்தல் என்னும் சிற்றூர் உளது. அங்கே, ஓடு வேய்ந்த ஒரு சிறு கட்டடத்தில், கைக்குழந்தைகளை விட்டுப் பிரிந்து வேலைக்குச் செல்லும் தாயர்க்காகத் தொட்டில்மனை ஒன்று நடந்துவந்தது. பள்ளி விட்டு நின்ற சிறாரை மீண்டும் பள்ளிக்கு அழைத்தும், நஞ்சு தெளியாமல் பயிர்காக்கும் முறைகளை உழவர்க்குக் காட்டியும், மொட்டையாய்ப் போன ஓடைக்கரைகளில் நாட்டுமரம் வளர்த்தும் அப்பகுதியில் பணிசெய்த அறப்பணி மன்றம் ஒன்றே அம்மனையையும் நடத்தியது. அதன் செவிலி பவித்ரா. தாயர் தம் பாலைப் பீய்ச்சித் தூய கிண்ணத்தில் விட்டுச்செல்லவும், அதனைக் குளிர்பெட்டியில் காத்துக் குழந்தைகளுக்குப் பாலாடைச் சங்கால் புகட்டவும் வீடுவீடாய்ச் சென்று கற்பித்தவள் அவளே.

அம்மனையில் பணிசெய்த இருவருள் இளையவள் பாத்துமுத்து. போடியில் மளிகைக்கடை வைத்திருந்த நூர் முகம்மதுவின் மனைவி. சில திங்களுக்கு முன், பிறந்து நாற்பது நாள் நிறைவதற்குள் தன் முதற்குழந்தையை மூச்சுத்திணறலுக்குப் பறிகொடுத்தவள். அத்துயரின்பின் வீட்டுச் சுவர்களையே நோக்கிக் கிடந்த அவளைப் பவித்ரா பலமுறை வந்து கண்டு, அருகிருந்து, ஒருநாள் மெல்ல அழைத்துவந்து இங்கே அமர்த்தினாள். ஆயினும் பாத்துமுத்து நடைபழகிய பிள்ளைகளையே தன் பொறுப்பாகக் கேட்டுப் பெற்றாள். அவர்களுக்குச் சோறூட்டுவாள், பாட்டுப் பாடுவாள், மூக்குச் சிந்தித் தலைவாரி விடுவாள். தொட்டில்கள் தொங்கும் உள்ளறைக்குள் மட்டும் காலெடுத்து வையாள். அவ்வறை மூத்தவளான மாயக்காளின் ஆட்சியாக இருந்தது. தன் மார்பில் இன்னும் வற்றாதிருந்த பாலை ஒவ்வொரு மாலையும் குளியலறையின் நீரோடு நீராக அவள் பீய்ச்சிவிட்டு வந்ததை எவரும் அறியார்.

உள்ளறையில் கிடந்த மகவுகளுள் மிகச் சிறியது சிலமலைத் தேவியின் மகள். எட்டாந் திங்களிலேயே பிறந்துவிட்ட அப்பெண்மகவுக்கு ஒருமுறை பசும்பால் புகட்டப் போய், வாந்தியும் கழிச்சலும் கண்டு, உயிர் ஊசலாடி மீண்டது. தாய்ப்பாலன்றி வேறெதுவும் ஆகாது என்று மருத்துவர் உறுதியாய்ச் சொல்லியிருந்தார். ஆதலின் தேவி நாள்தோறும் வண்டியேறுமுன் கிண்ணம் நிறையப் பால் வைத்துவிட்டு, பிற்பகலில் முதல் வண்டியிலேயே ஓடோடி இறங்கிவருவாள்.

அன்று முற்பகலில் தொடங்கிய மழை, மலையைக் கரைத்தே தீர்வதென்று சூள் உரைத்தது போலப் பெய்தது. நண்பகலில் மலைச்சாலையின் நடுவே பெரும்பாறையும் மண்ணும் மரங்களும் சரிந்து வழியை அடைத்தன. உயிர்ச்சேதம் இல்லை, தோட்டத்துப் பெண்கள் மலையுச்சியின் எல்லைச்சாவடியான போடிமெட்டில் பாதுகாப்பாய் நிற்கிறார்கள் என்ற செய்தி முதலில் வந்து நெஞ்சைக் குளிர்வித்தது. ஆனால் ஊர்திகள் இறங்க இயலா. முந்தலுக்கும் போடிக்கும் இடையிலிருந்த தரைப்பாலத்தையும் வெள்ளம் மூடிவிட்டது. மேலே ஏறவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை என்று ஆகிய அச்சிற்றூரில், தொட்டில்மனையின் ஓடுகள்மேல் மழை பறையறைந்துகொண்டிருந்தது.

தாயர் வைத்துப்போன பால் அனைத்தும் தீர்ந்தது; மற்ற மகவுகளுக்குக் கஞ்சி இருந்தது, தேவியின் மகளுக்கோ அதுவும் ஆகாது. சிறிது பொழுது விரலைச் சப்பிக் கிடந்த மகவு, பின்னர் அழத் தொடங்கியது. முதலில் சினந்தழுதது, பிறகு கெஞ்சியழுதது, அதன்பின் அவ்வழுகை பூனைக்குட்டியின் முனகல்போல் மெலிந்தது. மாயக்காள் தோளில் சாய்த்து நடந்தாள்; தாலாட்டினாள்; தன் சேலை முந்தியில் பொதிந்து சூடேற்றினாள். அடிவாரத் தோப்பில் தேங்காய் ஏற்றும் வேலையில் இருந்த குழந்தையின் தந்தை சின்ராசு, சரிவுச் செய்தி கேட்டுச் சேறும் நீருமாய் ஓடிவந்து, வாயிற்படியில் நின்று, மகளை வாங்கத் தன் ஈரக்கைகளை நீட்டுவதும் மடக்குவதுமாய்ச் செயலற்றுத் தவித்தான்.

வெளியறையில் பிள்ளைகளுக்கு நடுவே அமர்ந்திருந்த பாத்துமுத்து இரு செவிகளையும் பொத்திக்கொண்டாள். பொத்தியென்? செவி கேளாததை அவள் உடல் கேட்டது. மார்பு கனத்தது, கடுத்தது, கரையுடைத்த ஓடைபோல் பால் சுரந்து அவள் சட்டையை நனைத்துச் சேலையிலும் ஊறியது. உள்ளறையினின்று வெளிவந்த மாயக்காளின் கண்களில் அது பட்டது. அவள் கொடியில் கிடந்த துண்டை எடுத்து இளையவளின் தோளில் போர்த்திவிட்டு மீண்டும் உள்ளே போனாள். அப்போர்வையின் வெம்மையில்தான் பாத்துமுத்து முதன்முறையாகத் தன்னோடு தான் வழக்காடினாள். இந்தப் பால் அவனுடையது. மண்ணுக்குள் கிடக்கும் அவனுக்கென்று வந்தது. அதனைப் பிறிதோர் வாய் பருகினால், அவன் இல்லை என்பதை நானே ஒப்புக்கொண்டதாகாதா? ஒருபுறம் இவ்வெண்ணம் நெஞ்சை இறுக்க, மறுபுறம் அம்முனகல் அதனை நெகிழ்த்த, அவள் நெடும்பொழுது தத்தளித்தாள். பின்பு எழுந்து, பணிநிமித்தம் தேவாரம் என்னும் ஊருக்குப் போயிருந்த பவித்ராவை அலைபேசியில் அழைத்தாள்.

"எங்கிட்ட பால் இருக்குக்கா," என்றாள்.

மறுமுனையில் பவித்ரா, பாத்துமுத்து கருவுற்றிருந்த காலத்தும் அதன்பின்னும் செய்த குருதிச்சோதனைகள் அனைத்தும் தனக்குத் தெரியுமென்றும், மருத்துவ நெறிப்படி அதற்குத் தடையில்லை என்றும், ஆயினும் பெற்றவளின் ஒப்புதலின்றி ஒரு சொட்டும் புகட்டலாகாது என்றும் தெளிவாய் எடுத்துரைத்தாள். "உனக்கு முடியலேன்னா வேண்டாம் பாத்து. ஒன்னைய யாரும் குத்தஞ் சொல்லப் போறதில்ல," என்றும் சொன்னாள்.

பாத்துமுத்து வாயிலுக்கு வந்து சின்ராசுவிடம் செய்தியைச் சொன்னாள். அவன் தலைகவிழ்ந்து நின்றான். மாற்றுச் சமயத்தவள் என்ற தயக்கமோ, மகவை இழந்தவளிடம் இதை வேண்டுவது முறையோ என்ற கூச்சமோ, அவன் முகத்தில் ஓடிய நிழல் எதுவென்று அவளால் அறியக்கூடவில்லை. "நான் ஒத்தையா முடிவு சொல்ல ஏலாதுக்கா. பெத்தவகிட்ட கேட்டுட்டு வர்றேன்," என்று மட்டும் கூறிவிட்டு மழைக்குள் ஓடினான். மலைமேல் அலைபேசிகள் ஓய்ந்துபோயிருந்தன. வனத்துறைச் சாவடியிலிருந்த கம்பியில்லாப் பேசி ஒன்றே போடிமெட்டோடு பேச வல்லதாய் இருந்தது.

அவன் மீண்டு வரும்வரை பாத்துமுத்து வாயில்நிலையைப் பற்றியபடி நின்றாள். வேண்டாமென்று சொல்லிவிட்டால் எத்துணை நன்று என்று ஒருகணம் எண்ணினாள். சொல்லிவிட்டால் என் செய்வேன் என்று மறுகணமே நடுங்கினாள். சின்ராசு வந்தான். மூச்சிரைக்கத் தூணில் சாய்ந்தான். அவன் கண்களில் மழைநீரல்லாத நீரும் இருந்தது.

"கேட்டேன்க்கா. 'அக்காவுக்கு மனசு தாங்குமா? அவுகளக் கேட்டியா?'ன்னுதான் மொதல்ல கேட்டா. தாங்கும்னா குடுக்கச் சொன்னா."

பாத்துமுத்துவிடம் எத்தனையோ பேர் வந்து ஆறுதல் சொன்னார்கள். இறைவன் கணக்கு என்றார்கள். இளவயதுதானே, இன்னொன்று பிறக்கும் என்றார்கள். முடியாவிடில் வேண்டாம் என்று பவித்ரா சொன்னாள்; ஆனால் உன்னால் தாங்க இயலுமா என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. மலைமுகட்டில் மழையில் நனைந்து, தன் குழந்தை பசித்தழும் வேளையிலும் ஒருத்தி அதனைக் கேட்டாள். பாத்துமுத்து திரும்பினாள், கைகளைக் கழுவினாள், இத்தனை நாளும் மிதியாத உள்ளறையின் வாயிலைத் தாண்டினாள்.

மாயக்காள் சுவரோரம் பாய் விரித்து, மகவை அவள் மடியில் கிடத்திவிட்டு, மற்றக் குழந்தைகளைப் பார்க்கும் பாவனையில் முதுகு காட்டி அமர்ந்தாள். மகவுக்கு உறிஞ்சவும் வலுவில்லை. பாத்துமுத்து தன் பாலின் முதற்றுளிகளை அதன் இதழில் விட்டுத் தடவினாள். சிறுநா அசைந்தது. பின்னும் ஒரு துளி, பின்னும் ஒன்று. திடுமென அவ்வாய் முகையவிழ்ந்தது போல் திறந்து, தேடி, பற்றிக்கொண்டது. அப்பற்றலில் அவள் உடல் முழுவதும் மின்னல் ஓடியதுபோல் நோவு பரந்தது. அந்நோவு மெல்ல இளகிக் கண்ணீராயிற்று. தன் மகனை அன்று அவள் மறக்கவில்லை. மாறாக, அவன் தலையின் கனமும், பருகுங்கால் அவன் விரல்கள் அவள் கழுத்துமணியைத் துழாவிய விதமும், இத்தனை நாள் அஞ்சி ஒதுக்கிவைத்த ஒவ்வொன்றும் அவள் மடிக்குத் திரும்பி வந்தன. மகவு வயிறார உண்டு, ஒரு நெடுமூச்செறிந்து, வாயோரம் பால் வழிய உறங்கிப்போயிற்று. அதனைத் தொட்டிலில் இட அவளுக்கு மனம் வரவில்லை.

மாலையில் மழை ஓய்ந்தது. சாலை திறக்கும்வரை பொறுக்கமாட்டாத தாயர் சிலர், வனக்காவலர் வழிகாட்ட, பழைய ஒற்றையடித் தடத்தில் பாறை பற்றியும் வேர் பற்றியும் இறங்கி வந்தனர். அவர்களுள் முன்வந்தவள் தேவி. முழங்கால் சிராய்த்திருந்தது, கூந்தலில் இலைகளும் மண்ணும் அப்பியிருந்தன, பால்கட்டிய மார்பின் வலியால் தோள் குறுகி நடந்தாள். உள்ளே நுழைந்தவள் மகளைப் பறித்து வாங்கவில்லை. பாத்துமுத்துவின் எதிரே ஈரச்சேலையோடு அமர்ந்து, அவள் மடியிலேயே உறங்கும் மகளின் நிறைந்த வயிற்றை விரலால் தொட்டுப்பார்த்தாள்.

பின்னர்த் தேவி கேட்டாள்: "ஒங்க பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருந்தீங்கக்கா?"

பாத்துமுத்து நிமிர்ந்து பார்த்தாள். வீட்டில் எவரும் அப்பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவள் உடைந்துபோவாள் என்று கணவன் அஞ்சினான். சொன்னால் கணவன் உடைந்துபோவான் என்று அவள் அஞ்சினாள். இருவர் அன்புக்கும் நடுவே அப்பெயர் பேச்சின்றிக் கிடந்தது.

"இஜாசு," என்றாள். மீண்டும் தெளிவாகச் சொன்னாள்: "இஜாஸ். எங்க மார்க்கத்துல ஒரு முறை இருக்கு தேவி. பால் குடுத்துப் பசியாத்துன பிள்ள நம்ம பிள்ளதான். இவ எனக்கு மக முறை. அவனுக்குத் தங்கச்சி முறை."

தேவி மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கி, அவள் செவியருகே குனிந்து, உறங்கும் பிள்ளைக்குச் செய்தி சொல்வாள்போல், "அப்ப ஒனக்கு ஒரு அண்ணன் இருக்கான்டி ஆத்தா. பேரு இஜாஸ்," என்றாள்.

வெள்ளம் வடிந்துகொண்டிருந்த தரைப்பாலத்தை இடுப்பளவு நனைந்து கடந்து, மனைவியைத் தேடிவந்த நூர் முகம்மது அப்போது வாயிலில் நின்றிருந்தான். தன் மகனின் பெயர் மற்றொரு வாயில், அதுவும் இறந்தவன் பெயராக இன்றி ஒரு குழந்தையின் உறவுப்பெயராக ஒலித்ததைக் கேட்டான். குடையை மடக்கவும் மறந்து அங்கேயே சுவரில் சாய்ந்தான். பாத்துமுத்து அவனைக் கண்டாள். உள்ளே வருமாறு விழியால் அழைத்தாள். அன்று அவர்கள் வீடு திரும்பிய வழியெல்லாம், மரங்கள் நீர்சொட்ட, தவளைகள் இடையறாது ஒலிக்க, தம் மகன் சிரித்ததையும் தும்மியதையும் ஒருவர்க்கொருவர் நினைவூட்டிப் பேசிக்கொண்டே சென்றனர்.

சில நாட்களில் சாலை செப்பனிடப்பட்டது. பாத்துமுத்து உள்ளறைப் பணியையும் ஏற்றாள். தேவி அவள் இருகைகளில் மகளைத் தந்து, 'ஒங்க மகளப் பாத்துக்கங்க' என்று சொல்லி வண்டியேறுவது வழக்கமாயிற்று. பெற்றெடுத்தவளை நற்றாய் என்றும் வளர்த்தெடுத்தவளைச் செவிலித்தாய் என்றும் பிரித்து, இருவரையும் தாயென்றே அழைத்த மொழி நம்முடையது. இழந்ததை ஈடுசெய்யும் ஆற்றல் இவ்வுலகில் எதற்கும் இல்லை, பாலுக்கும் இல்லை. ஆயினும், போனவனின் பெயரை அஞ்சாது சொல்லவல்ல இடம் ஒன்று வாய்க்குமாயின், அவ்விடத்தில் துயரும் அமர்ந்து இளைப்பாறும். அதன் மடியில் வேறொரு குழந்தை கவலையின்றி உறங்கும்.