மேசை மேல் இரண்டு பூப்பொட்டலம்

எனக்கு வாய் அதிகம். அதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சிங்காநல்லூர்ப் பக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு சண்டை நடந்து அதில் நான் இல்லாவிட்டால், "பாவாத்தாளுக்கு மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்று விசாரிக்க வந்துவிடுவார்கள். ஞானஸ்நானத்தில் மார்த்தாள் என்று பேர் வைத்தார்கள். பேர் மாறியது, வாய் மாறவில்லை.

என் வீட்டுக்காரர் மாசிலாமணி எங்கள் சபைக்கு உபதேசியார். வீட்டில் அந்த மனுசருக்குப் பேச்சே கிடையாது. என்னோடு குடித்தனம் பண்ணினால் யாருக்குத்தான் பேச இடம் கிடைக்கும்? ஆனால் எங்கள் வேதக்கோயிலில் எழுந்து நின்று வாயைத் திறந்தால் கூரை ஓலை அதிரும். நாள் முழுதும் காட்டு வேலையில் வெந்து வாடும் எங்கள் சனம் அந்தக் குரலைக் கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காரும்.

பைகாரா கரண்டு வந்து எங்கள் பக்கம் ஆலைகள் எழும்பிய காலம். ஒரு மாசி மாதத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. போகும்போது அது குரலையும் கூடவே கொண்டுபோயிற்று. ஆஸ்பத்திரி டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "ஈஸ்டர் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. அப்புறமும் குரல் வருமா என்று கடவுளைத்தான் கேட்க வேண்டும்" என்றார்.

கேட்டேன். நான் கேட்காமல் விடுவேனா? அடுப்படியில் கேட்டேன், கிணற்றடியில் கேட்டேன். "ஏஞ்சாமி, கொரலில்லாத உபதேசியார வெச்சுட்டுச் சபை என்ன பண்ணும்? அவரு என்னாவாரு? வரும், வராது, ஒரு வார்த்தை சொல்லிப்போடேன்!" என்று சண்டையே போட்டேன். ஊஹூம். வீட்டில் ஒருத்தர் பேசவில்லை, மேலே ஒருத்தர் பேசவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி கிடந்து கத்தினேன்.

கோயிலில் யார் யாரோ பாடம் வாசித்தார்கள். அவர் முன்னால் சும்மா நின்றார். வாரத்துக்கு வாரம் கூட்டம் கரைந்தது. ஆனால் காளிச்சாமியண்ணன் மட்டும் ஒரு ஞாயிறும் தவறவில்லை. கிணறு வெட்டும்போது பாறைக்கு வைத்த வெடி பக்கத்திலேயே வெடித்து, காது சுத்தமாகப் போன மனுசர். எப்போதும் முதல் வரிசையில் உட்கார்ந்து உபதேசியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு, இடி விழுந்த மாதிரி தனியாக ஓர் ஆமென் போடுவார். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும்தான் சிரிப்பேன்.

"காதும் கேக்கறதில்ல, எதுக்குங்ணா இத்தனை வருசமா வந்து உக்கார்றீங்க?" என்று ஒருநாள் சைகை காட்டிக் கேட்டேன்.

"எனக்குக் கேக்கலீன்னா அவரு பேசலீன்னு ஆயிருமாங்க, அம்மணி?" என்றார்.

"நல்லாத்தான் சொன்னீங்க, போங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்போது எனக்கு அவருடைய பேச்சைக் காதில் வாங்கப் பொறுமை இல்லை.

சரவணம்பட்டியிலிருந்து என் அக்கா பழனாத்தாள் பார்க்க வந்தாள். அவள் வேதத்துக்கு வராதவள். என் அழுகையைக் கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, எங்க மாரியாத்தா வாயத் தொறந்தா பேசறா? பூவுல சொல்லிப்போடுவா. உன்ர சாமிகிட்டயும் பூக் கேட்டுப் பாரேன்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறோ, பூக் கேட்காமல் எதுவும் தொடங்காது. வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்து, எது எதுவென்று தெரியாமல் சாமி முன்னால் போடுவார்கள். பிறகு ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் சாமி சரியென்று சொன்னதாக அர்த்தம். அக்கா போன பிறகு அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் மத்தியானம், கோயிலில் யாருமில்லாத நேரம் பார்த்துப் போனேன். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். கண்ணை மூடிக்கொண்டு கலைத்து, சிலுவை வைத்த மேசை மேல் போட்டேன். வெள்ளை வந்தால் குரல் வரும். சிவப்பு வந்தால்? கை நீண்டது, ஆனால் விரல் ஒன்றையும் தொடவில்லை.

பின்னால் சீமாற்றுச் சத்தம். ஈஸ்டருக்குப் பெருக்க வந்த என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே, பார்த்ததும் புரிந்துவிட்டது.

"எனக்குத்தான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. நீங்களாச்சும் ஒண்ண எடுங்க!" என்றேன்.

அவர் இரண்டையும் எடுத்தார். இரண்டையும் பிரித்து, வெள்ளையையும் சிவப்பையும் ஒன்றாக மேசை மேலிருந்த கண்ணாடித் தம்ளரில் போட்டு, தண்ணீர் ஊற்றி, சிலுவைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அட என்ன மனுசருங்க நீங்க! கேக்க வந்ததையும் கெடுத்துப்போட்டீங்களே!" என்று கத்தினேன். கத்தி முடித்ததும் அழுகை வந்தது. அவர் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரமோ தெரியாது, நானும் பேசவில்லை. பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் அங்கே இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஈஸ்டர் விடியலில் கோயில் நிறைந்துவிட்டது. குரல் வந்ததா என்று பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர். எங்கள் வழக்கப்படி உபதேசியார், "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்று முழங்குவார். சபை, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்று பதில் சொல்லும். மூன்று முறை.

அவர் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

சனம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாரோ இருமினார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!"

காளிச்சாமியண்ணன்! சத்தம் வரவில்லையென்று அவருக்கு எப்படித் தெரியும்? வருசா வருசம் பார்த்த அதே உதடு, அதே வார்த்தை. எப்போதும் கடைசியில் விழும் இடி அன்றைக்கு முதலில் விழுந்தது. திரும்பிப் பார்த்தார். ஒருத்தர் வாயும் அசையவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க, அவரு சொல்றாரில்ல? பதில் சொல்ல மாட்டீங்களா?" என்று அதட்டினார்.

சனம் மொத்தமும் பதில் சொன்னது. கூரை ஓலை அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை வாயைத் திறந்தார். இப்போதும் சத்தம் இல்லை.

நான் காளிச்சாமியண்ணனுக்காகக் காத்திருக்கவில்லை. அந்த உதட்டைப் பார்த்தேன், தொண்டை கிழியப் பதில் சொன்னேன். துடியலூர் வரைக்கும் கேட்டிருக்கும்.