மாப்பிள்ளையின் நீளம்

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போட்டதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை வயிறு முட்டச் சாப்பாடு, மிச்ச நாளெல்லாம் தூக்கம். குளிர் ஆகாது, அறை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் தையல்காரியின் கணவர் அந்த மலைப்பாம்புக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். அவர்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. "பொண்ணே இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளை மட்டும் வந்துட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பதெல்லாம் கூடத்தில் நின்றுகொண்டுதான். மனிதர் பார்சல் வண்டி ஓட்டுபவர். எப்பேர்ப்பட்ட நெரிசலிலும் புகுந்து வெளியே வந்துவிடுவார். ஆனால் பாம்பு இருக்கும் பின்னறையின் வாசற்படியை ஆறு வருடமாக அவர் தாண்டியதில்லை.

மாப்பிள்ளை ஒன்றும் முறைப்படி வந்து சேரவில்லை. அப்போதெல்லாம் வாரச் சந்தையில் பாம்புக் குட்டிகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, வளையல் விற்கிற மாதிரி விற்பார்கள். இதற்கு மேல் வளராது என்று விற்கிறவன் கூசாமல் சொல்வான், வாங்குகிறவனும் நம்புவான். ஒரு வருடத்தில் அது சோபாவை விட நீளமாகிவிடும். உடனே ராத்திரியோடு ராத்திரியாகச் சாக்கடையிலோ, அடுத்தவன் வாசலிலோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் கை கழுவுவார்கள். அப்படித்தான் ஒருநாள் கடையைத் திறக்க வந்த தையல்காரியின் காலில் ஒரு தலையணை உறை இடறியது. உள்ளே எலும்பும் தோலுமாக ஒரு பாம்பு, முதுகில், கூண்டைச் சூடாக்க வைக்கிற விளக்கு பட்டுப் பொசுங்கிய காயத்தோடு. அவளுக்கும் பயம்தான். ஆனால் பயத்தை விட ஆத்திரம் அதிகமாக இருந்தது. வளர்க்கத் துப்பில்லாதவனுக்கு வாங்க மட்டும் எப்படிக் கை வந்தது என்று அன்றைக்குத் தெருவே கேட்கும்படி கத்தினாள்.

அதனால் பெரிய பாம்புகளை விற்கவும் வைத்துக்கொள்ளவும் கட்டுப்பாடு வேண்டும் என்று கையெழுத்து வேட்டை நடந்தபோது, முதல் வரிசையில் நின்றவள் அவள்தான். கையெழுத்துப் போடாத வாடிக்கையாளருக்குத் தைத்த துணியைக் கொடுக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள். சட்டமும் வந்தது. இனி பெரிய ரகப் பாம்புகளை விற்கக் கூடாது, முட்டை பொரிக்க வைத்து வியாபாரம் பண்ணக் கூடாது. பத்தடிக்கு மேல் நீளமுள்ளதை வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாது. அதற்குக் குறைவானதைப் பதிவு செய்து, பூட்டுப் போட்ட கூண்டில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பாம்பைக் கையாளத் தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும். செய்தித்தாளில் வந்ததை வெட்டித் தையல் மிஷினுக்கு மேலே ஒட்டிவைத்தாள். ஏதோ தானே எழுதின சட்டம் மாதிரி ஒரு பெருமை அவளுக்கு.

அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது.

பதிவுப் படிவத்தில் 'நீளம்' என்று ஒரு கட்டம் இருந்தது. மாப்பிள்ளை என்றைக்கு நேராகப் படுத்திருக்கிறான், அளப்பதற்கு? சுருண்டு சுருண்டு தலை எது, வால் எது என்று தெரியாமல் கிடப்பான். தையல்காரி தன் தொழில் வழக்கப்படி யோசித்தாள். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உடம்பைக் காட்டி நிற்க வெட்கப்பட்டு, பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை மேசையில் விரித்து அளந்து தைத்தால் கச்சிதமாக இருக்கும். இருபது வருடத்தில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பாம்பு போன மாதம் உரித்துப் போட்ட தோல் பெட்டியில் பத்திரமாக இருந்தது. எடுத்தாள், வெட்டுமேசையில் விரித்தாள், அளந்தாள். பன்னிரண்டடி ஒரு அங்குலம்.

பத்தடிக்கு மேல் கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் ஏற்கனவே வைத்திருப்பவர்களுக்கு அந்த விதி பொருந்தாது என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டாள். கூசாமல் பன்னிரண்டடி ஒரு அங்குலம் என்று குண்டு குண்டாக எழுதினாள். இரண்டாவது பொறுப்பாளர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டாள். வாசற்படியே தாண்டாத கணவரிடம் எந்த வாயால் கேட்பது?

மூன்றாவது வாரம் பதில் வந்தது. பத்தடிக்கு மேற்பட்டது என்று உரிமையாளரே எழுதிக் கொடுத்திருப்பதால், பதினைந்து நாளுக்குள் பாம்பை ஒப்படைக்க வேண்டும். காப்பகத்தில் இடம் இல்லாத பட்சத்தில் மருந்து கொடுத்து உறங்க வைக்கப்படும். உறங்க வைப்பது என்றால் என்ன என்று புரியாத அளவுக்கு அவள் சின்னக் குழந்தை இல்லை. காப்பகத்துக்குப் போன் செய்து கேட்டாள். இடம் இல்லை என்றார்கள்.

இரண்டு நாள் மிஷின் ஓடவில்லை. தான் கேட்டு வாங்கின சட்டம், தான் அளந்த அளவு, தான் போட்ட கையெழுத்து, யாரைத் திட்டுவது? கணவர் கூடத்தில் நின்றபடியே, சாப்பிட வரச் சொல்லி நான்கு தடவை கூப்பிட்டார். அவள் பின்னறையில் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து அழுதாள். மாப்பிள்ளை வழக்கம்போல அலட்டிக்கொள்ளாமல் தூங்கினான்.

மூன்றாம் நாள், அவசரத் துணி ஒன்றை வேறு வழியில்லாமல் எடுத்தாள். மடிப்பு வைத்த பாவாடை. போட்டுக்கொள்கிறவள் பருத்துவிட்டதால் இடுப்பைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு மடிப்பாகத் தையலைப் பிரித்துக்கொண்டே வந்தாள். கையகலம் இருந்த துணி மேசை முழுக்கப் பரவியது. அவள் கை அப்படியே நின்றது. மடிப்பைப் பிரித்தால் துணி நீளும் என்பது கத்தரிக்கோல் பிடித்த முதல் நாளே தெரிந்த சங்கதி. ஓடிப்போய்ப் பாம்புத் தோலை எடுத்து வந்து மிஷின் விளக்குக்குக் கீழே வைத்து, ஊசி முனையால் செதில்களை விலக்கினாள். ஒரு செதிலுக்கும் அடுத்த செதிலுக்கும் நடுவே மெல்லிசாக ஒரு பட்டை. பிறகு கூண்டைத் திறந்து மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்தாள். அங்கே செதில்மேல் செதில் ஏறி நெருக்கமாக இருந்தது. பட்டை வெளியே தெரியவே இல்லை. உடம்பில் மடித்து வைத்திருந்ததுதான் உரித்தபோது பிரிந்து நீண்டிருக்கிறது.

மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் ஓடினாள். அவர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். உரித்த தோல் எப்போதும் உடம்பை விட நீளம்தான், சிலதில் கால் பங்கு கூட அதிகம் வரும் என்றார். ஆட்சேபம் இருந்தால் வரலாம் என்று கடிதத்தின் கடைசியில் போட்டிருந்த விசாரணைக்குத் தானே வருவதாகவும் சொன்னார்.

விசாரணை அன்று மாப்பிள்ளையைப் பெட்டியில் வைத்து, கணவரின் வண்டியில் பின்னால் ஏற்றினார்கள். ஏற்றினார்கள் என்றால் தையல்காரி ஏற்றினாள், கணவர் கதவைத் திறந்துவிட்டார். உரிமப் பிரிவு அலுவலகத்தின் நடைபாதை பெஞ்சில் அதே மாதிரி கடிதத்தோடு நான்கைந்து பேர் தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. காகிதத்தில் இருப்பதை மட்டும் நம்புகிறவர், அவ்வளவுதான். படிவத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்களே எழுதியிருக்கீங்க, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. தையல் கடை வச்சிருக்கறவங்களுக்கு அளக்கத் தெரியாதுன்னு சொன்னா யாரும்மா நம்புவாங்க?"

"அளக்கத் தெரியும் சார். உடம்பை அளக்காம உரிச்ச தோலை அளந்தது என் தப்பு. அதான் இப்போ உடம்பையே கொண்டு வந்திருக்கேன்."

டாக்டரம்மா விதிப்புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். சந்தேகம் வந்தால் நேரில் அளக்க வேண்டும் என்று அதிலேயே இருந்தது. எழுத்தில் இருந்ததும் அதிகாரி மறுபேச்சு பேசவில்லை. மூன்று மேசைகளை ஒட்டிப் போட்டார்கள். ஊழியர்கள் இருவர் தலைப்பக்கம் ஒருவரும் வால்பக்கம் ஒருவருமாக இழுத்துப் பிடிக்கத் தயாரானார்கள்.

"இழுக்காதீங்க" என்றாள் தையல்காரி. "இழுத்து அளந்தா எந்தத் துணியும் கூடத்தான் காட்டும். அது எப்படிப் படுக்குதோ அப்படியே இருக்கட்டும். நான் நூலை வச்சு வளைவோடயே வர்றேன்."

விதியிலும் இயல்பாகக் கிடக்கும் நிலையில் என்றுதான் இருந்தது. ஊழியர்கள் விட்டது தொல்லை என்று சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டார்கள். டாக்டரம்மா தலையைப் பார்த்துக்கொண்டார். தையல்காரி மூக்கு நுனியில் தடித்த நூலின் முனையை வைத்து, முதுகெலும்பு போகிற வழியே ஒரு கையால் ஒற்றி ஒற்றி வந்தாள். பாதி தூரம் வந்தபோது மாப்பிள்ளைக்கு இடம் பிடிக்கவில்லை. நடுவுடம்பு மேசை விளிம்பைத் தாண்டிச் சரிய ஆரம்பித்தது. அவளுக்கு இருப்பது இரண்டே கை.

"எங்க பிடிக்கணும்?"

கதவருகே நின்றிருந்த கணவர் அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"பிடிக்க வேண்டாங்க. கையை அடியில குடுத்துத் தாங்குங்க, போதும்."

இரண்டு கையையும் நீட்டினார். ஆறு வருடம் கேலி பண்ணின கனம் மொத்தமும் அதில் வந்து இறங்கியது. மாப்பிள்ளை அந்தக் கைகளின் சூட்டை உணர்ந்து அசைவதை நிறுத்தினான். நூல் வால் நுனியைத் தொட்டது. தையல்காரி அங்கே முடிச்சுப் போட்டாள்.

உங்கள் டேப் வேண்டாம் என்று அதிகாரி அலுவலகத்து இரும்பு டேப்பைத் தானே எடுத்தார். நூலை நீட்டி அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். புது நூலால் இன்னொரு முறை முதலிலிருந்து அளக்கச் சொன்னார். அதுவும் மாறவில்லை.

"ஒன்பதடி பத்து அங்குலம்" என்றார்.

வயதான ஆண் பாம்பு, இதற்கு மேல் பெரிதாக வளராது என்று டாக்டரம்மா எழுதிக் கையெழுத்திட்டார். கதவில் கூட்டமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெஞ்சுக்காரர்களில் ஒருவர் கையிலிருந்த பையைத் தூக்கிக் காட்டினார். அதற்குள் பாம்புத் தோல். "நானும் இதைத்தான் அளந்தேன் சார்" என்றார். இன்னொருவரும் அதையே சொன்னார். அதிகாரி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, எல்லாப் படிவங்களையும் நேரில் அளந்து பார்க்கத் தனியாக எடுத்துவைக்கச் சொன்னார். நூல்கண்டை அங்கேயே விட்டுப் போக முடியுமா என்று தையல்காரியிடம் கேட்டார். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்த அறையில் அவளை விட உயரமானவர் அந்த நேரத்தில் யாரும் இல்லை.

பழைய அளவை அடித்துத் திருத்திய அதிகாரியின் பேனா, கீழே வந்து நின்றது.

"இரண்டாவது பொறுப்பாளர் யாருமே இல்லையே. அது இல்லாம அனுமதி குடுக்க முடியாதும்மா."

தையல்காரி கணவரின் பக்கம் திரும்பவில்லை. கேட்டுவிட்டு அவர் மாட்டேன் என்றால் தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

"நான் இருக்கேன் சார்." கணவர் இன்னும் பாம்பைக் கீழே விடாமல் நின்றிருந்தார். "கை ரெண்டும் மாட்டியிருக்கு. எழுதிக்கோங்க, அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

"உறவு?" என்றார் அதிகாரி, தலையைத் தூக்காமல்.

"அவளுக்கா? புருஷன்." கையிலிருந்ததை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இவனுக்குன்னா மாமனார்."

காகிதத்தை மட்டும் நம்புகிற அந்த மனிதர் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்பும்போது பெட்டி வண்டியின் முன்பக்கத்தில், இருவருக்கும் நடுவே வந்தது. பின்னால் வைத்தால் குலுங்கும் என்றார் கணவர். வீட்டில் இறங்கியதும் அவரே தூக்கிக்கொண்டார். மாப்பிள்ளை எத்தனை கிலோ இருப்பான், இந்த வயதில் முதுகு வலிக்கு இது தேவையா என்று முணுமுணுத்தபடி கூடத்தைத் தாண்டினார், பின்னறை வாசற்படியைத் தாண்டினார், கூண்டுக்குப் பக்கத்தில் பெட்டியை மெதுவாக இறக்கினார். எதைத் தாண்டி வந்தோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. தையல்காரி பார்த்தாள். எங்கே சொன்னால் திரும்பிப் போய்விடுவாரோ என்று, கூண்டுச் சாவியை மட்டும் அவர் கையில் கொடுத்தாள்.